மொட்டை மாடிக்கு சுண்ணாம்பா, கூல் ரூஃப் பெயின்ட்டா, டைல்ஸா?

கடலூர், புதுச்சேரி பக்கம் மாடி வீட்ல இருக்குறவங்களுக்குத் தெரியும், சாயங்காலம் கடல்காத்து வந்தாலும் பகல் பூரா தளம் வாங்கி வச்ச சூடு ராத்திரி ரூமுக்குள்ளதான் எறங்கும், ஃபேன் போட்டா அனல்தான் சுத்தி அடிக்கும். வெறும் காங்கிரீட் வெயில்ல பாதிக்கு மேல உறிஞ்சிடும், நல்ல வெள்ளைப் பூச்சு புதுசா இருக்கறப்போ 100க்கு 80 பங்கு வரைக்கும் திருப்பி அனுப்பிடும்.

செலவு கம்மின்னா சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு கெடைச்சா இன்னும் வெள்ளையா வரும், ஒட்டுறதுக்கு கொஞ்சம் பசை கலந்து ரெண்டு கோட் அடிச்சா போதும். ஆனா நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது நிக்காது, வருஷா வருஷம் மாசி பங்குனில திரும்ப அடிக்கணும். தண்ணி ஊத்தி நீத்தும்போது சுண்ணாம்பு கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, புள்ளைங்கள கிட்ட விடாதீங்க.

கூல் ரூஃப் பெயின்ட்டுங்கறது வெயிலைத் திருப்பி அனுப்புறதுக்குன்னே தளத்துக்கு அடிக்கிற பூச்சு; வெலை அதிகம், மழைக்குத் தாங்கும். வாங்குறப்போ டப்பாவுல எஸ்.ஆர்.ஐ நம்பர் பாருங்க, வெயில்ல எவ்வளவு சூடேறாம இருக்கும்னு காட்ட கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100ன்னு வச்ச அளவு அது, 100ஐ ஒட்டி இருந்தா நல்லது. செவுத்துக்கு அடிக்கிற சாதா வெள்ளை எமல்ஷனைத் தளத்துல அடிச்சா தண்ணி தேங்குற எடத்துல உரிஞ்சிடும். கடலோர ஈரத்துக்குப் பாசி புடிச்சு கறுத்துட்டா பெயின்ட்டோட பலன் நல்லாவே கொறையும், அதனால கோடைக்கு முன்னாடி ஒரு தடவை தேய்ச்சுக் கழுவியே ஆகணும்.

டைல்ஸ் ரொம்ப வருஷம் வரும், ஆனா கூலி, சிமென்ட், தளத்துமேல ஏறுற பாரம் எல்லாம் சேரும். தளத்துல பதிச்ச பழைய தட்டு ஓடு பேந்து எப்படியும் வேலை பாக்கணும்னா மட்டும் வெள்ளை டைல்ஸ் போடுங்க, பளபளப்பு வேணாம், மழைல வழுக்கும்.

ஃபால்ஸ் சீலிங் போட்டா ரூமுக்குள்ள சூடு கொறையும்தான், ஆனா தளம் கொதிக்கிறது கொதிக்கிறதுதான், தெருவுக்கு ஒரு நன்மையும் இல்ல. ஏசி இன்னும் மோசம், உள்ள இருக்குற சூட்டைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளுது.

என் ஓட்டு: விரிசலை அடைச்சுட்டு பெயின்ட், காசு இல்லன்னா தயங்காம சுண்ணாம்பு. தெலங்கானா 2023லயே கூல் ரூஃப் கொள்கை கொண்டு வந்துருச்சு, நம்ம ஊர்லயும் சீட் போட்ட வீடுகள்லேருந்து அரசு செலவுல ஆரம்பிக்கணும். மெல்லிசு சீட் உடனே சூடேறும், வெள்ளை அடிச்சா அங்கதான் வித்தியாசம் அன்னைக்கே தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டா இருந்தா மட்டும் காஞ்சபடி சுரண்டவே சுரண்டாதீங்க, அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது.