கோவையில் 11 ஆண்டுகள், ஒன்டாரியோவில் 6 ஆண்டுகள்: விபத்தில்லாப் பதிவைக் கொண்டுவந்த அனுபவம்

2018 ஆகஸ்டில் கோவையிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தோம். அதற்கு முன் 11 ஆண்டுகள் சொந்தக் கார் ஓட்டியிருந்தேன். அவிநாசி சாலையின் நெரிசல், வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கு மழையில் போன பயணங்கள் எல்லாம் அதில் அடக்கம். அத்தனை ஆண்டுகளில் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு ரூபாய்கூட இழப்பீடு கேட்டதில்லை. அதை நான் ஒரு சேமிப்பாகவே கருதினேன். அந்தச் சேமிப்பில் எவ்வளவு இங்கே வந்து சேர்ந்தது, எவ்வளவு வழியிலேயே நின்றுவிட்டது என்பதை ஆறு ஆண்டுகள் பிரீமியம் கட்டிய பிறகு எழுதுகிறேன்.

இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் இந்தியாவில் எப்படி இயங்குகிறது என்பது கார் வைத்திருக்கும் பலருக்கும் தெரியும். இழப்பீடு கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50. அதோடு ஏற்றம் நின்றுவிடும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டுமே இந்தத் தள்ளுபடி கிடைக்கும். நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்குக் கிடையாது. பலர் கவனிக்காத ஒன்று, இந்த போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது என்பது. காரை விற்றாலும் போனஸ் நம்மிடமே இருக்கும். நிறுவனத்திடம் சான்று வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுகள் வரை அதைப் பயன்படுத்தலாம். எனவே காரை விற்ற கையோடு அந்தச் சான்றை வாங்கிக்கொண்டேன். ஒரே பக்கம்தான். என் பெயர், வண்டி எண், '50 சதவீதம்' என்ற வரி, முத்திரை. போதும் என்று நம்பினேன்.

ஓட்டுநர் உரிமத்துக்கான வேலை எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. ஒன்டாரியோவுடன் உரிமத்தை நேரடியாக மாற்றிக்கொள்ளும் நாடுகளில் இந்தியா இல்லை. ஆனாலும் அயல்நாட்டில் ஓட்டிய ஆண்டுகளைச் சான்றோடு நிறுவினால் புதிய ஓட்டுநர்கள் நிலை நிலையாகக் கடந்து பெற வேண்டிய படிப்படியான உரிமத்தின் காத்திருப்புக் காலத்தைத் தவிர்க்கலாம். கோவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புறப்படும் முன்பே சான்று வாங்கியிருந்தேன். டிரைவ்டெஸ்ட் மையத்தில் எழுத்துத் தேர்வு எழுதி, இரண்டாம் நிலையைத் தாண்டி நேராக முழு உரிமத்துக்கான சாலைத் தேர்வுக்குச் சென்றேன். அக்டோபரில் உரிமம் கைக்கு வந்தது.

அங்கேதான் தவறாகப் புரிந்துகொண்டேன். அரசே என் அனுபவத்தை ஏற்றுக்கொண்டதால் காப்பீட்டு நிறுவனமும் ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. போக்குவரத்து அமைச்சகம் பார்ப்பது நமக்கு ஓட்டத் தெரியுமா என்பதை. காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது, நம் பெயரில் எத்தனை ஆண்டுகள் காப்பீடு இருந்தது, அதில் என்ன நடந்தது என்பதை. முதல் நிறுவனம் கொடுத்த கட்டண மதிப்பீடு மாதம் 412 டாலர். நாற்பது வயதில் என்னை நேற்று ஓட்டப் பழகியவனாக எண்ணியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அதில் சேர்ந்தேன். வேலைக்குப் போகக் கார் வேண்டியிருந்தது.

டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் கடைத்தெருவெங்கும் தமிழ்ப் பலகைகள். 'காப்புறுதி' என்ற சொல்லை அங்கேதான் முதன்முதலில் கண்டேன். நாம் காப்பீடு என்பதை ஈழத் தமிழர்கள் காப்புறுதி என்கிறார்கள். உறுதி என்ற சொல் உள்ளே இருப்பதாலோ என்னவோ, எனக்கு அது அதிகம் பிடித்துப்போனது. அப்படி ஒரு பலகைக்குக் கீழே இருந்த அலுவலகத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முகவர் அம்மா ஒருவர் என் சான்றை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இந்த ஐம்பது வீதம் இங்கே ஒருவருக்கும் விளங்காது. வீதத்தை விடுங்கள். எத்தனை வருடம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன இழப்பீடு, யார் பிழை என்று எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்" என்றார். ஆறு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான்.

பிறகு யோசித்தால் அவர் சொன்னதன் பொருள் இன்னும் ஆழமாகப் புரிந்தது. 50 சதவீதம் என்பது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எதையும் சொல்வதில்லை. ஐந்து ஆண்டு ஓட்டியவருக்கும் பதினொரு ஆண்டு ஓட்டியவருக்கும் ஒரே எண். அதைவிட முக்கியமானது, இந்தியாவில் நாம் யார் மீதாவது மோதி அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், நம் நிறுவனம் பணம் கொடுத்திருந்தாலும்கூட, சொந்தச் சேதத்துக்கு நாம் எதுவும் கேட்கவில்லை என்றால் போனஸ் அப்படியே இருக்கும். அதாவது போனஸ் முழுதாக இருப்பது விபத்தே நடக்கவில்லை என்பதற்குச் சான்றல்ல. இங்கே விண்ணப்பத்தை மதிப்பிடுபவர் கேட்பது அந்த மூன்றாம் நபர் விவரத்தைத்தான். நம் சான்று அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கோவைக் கிளைக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் பிடிக்க வேண்டும் என்றால், குளிர்காலத்தில் இரு ஊர்களுக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு. கிளை திறக்கும்போது இங்கே இரவு. பன்னிரண்டு, ஒன்று என்று விழித்திருந்து பேசினேன். அங்கிருந்தவர்கள் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. ஆனால் இப்படி ஒரு கடிதத்தை அவர்கள் இதற்கு முன் எழுதியதே இல்லை. முதலில் வந்ததும் பழைய சான்றின் இன்னொரு நகல்தான். கடைசியில் நானே வாசகத்தை எழுதி அனுப்பினேன்: ஒவ்வொரு பாலிசியின் எண், தொடங்கிய நாள், முடிந்த நாள், வண்டிப் பதிவு எண். சொந்தச் சேதத்துக்கும் மூன்றாம் நபருக்கும் கேட்கப்பட்ட இழப்பீடுகள் தனித்தனியே, இல்லையென்றால் 'இல்லை' என்றே. பிரீமியம் கட்டாததால் பாலிசி ரத்தானதுண்டா என்பது. கையெழுத்திட்டவரின் பதவியும், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியும். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றும்; இங்குள்ளவர்கள் உண்மையிலேயே அந்த முகவரிக்கு எழுதிச் சரிபார்த்தார்கள்.

அதன் பிறகும் ஒரு முட்டுக்கட்டை. பெயர். பாலிசியில் என் பெயருக்கு முன் அப்பாவின் பெயர் ஒரே எழுத்தாக, தலைப்பெழுத்தாக நின்றது. கடவுச்சீட்டில் அதே அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நின்றது. ஒன்டாரியோ உரிமம் கடவுச்சீட்டைப் பின்பற்றியது. ஆக, கடிதத்தில் இருப்பவரும் உரிமத்தில் இருப்பவரும் ஒருவர்தானா என்று கேட்டார்கள். தலைப்பெழுத்து என்றால் என்ன என்று விளக்கி எழுதி, பிறந்த தேதியையும் இந்திய உரிம எண்ணையும் சேர்த்துக் கடிதத்தை மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. தமிழ்ப் பெயரோடு வருகிற ஒவ்வொருவரும் இதை முதல் கடிதத்திலேயே சரிசெய்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரியான கடிதம் 2019 பிப்ரவரியில் கிடைத்தது. எட்டு ஆண்டுகளுக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் வேறொரு நிறுவனத்தில் இருந்தன, அவர்களிடம் பழைய விவரங்களைப் பெற முடியவில்லை. என்னைச் சேர்த்திருந்த நிறுவனம் அயல்நாட்டுப் பதிவை ஏற்காது என்று சொல்லிவிட்டது. ஒன்டாரியோவில் நிறுவனங்கள் தங்கள் கட்டணங்களையும் விதிகளையும் மாகாணத்தின் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். விதியில் இல்லாததை முகவர் மனமிரங்கிக் கொடுத்துவிட முடியாது. ஆகவே கெஞ்சுவதில் பயனில்லை; அயல்நாட்டுப் பதிவை ஏற்கும் விதி உள்ள நிறுவனத்தைத் தேடுவதே வழி. ஸ்கார்பரோவின் அந்த முகவர் அம்மா தேடிக் கொடுத்தார். மாதம் 283 டாலர். ஆனால் ஏற்கெனவே கட்டிய நான்கு மாத வேறுபாடு திரும்பவில்லை. பழைய பாலிசியை நடுவில் முறித்ததற்கு அபராதமும் பிடித்துக்கொண்டார்கள். புறப்படும் முன் சென்னையிலோ கோவையிலோ நேரில் நின்று இந்தக் கடிதத்தை வாங்கியிருந்தால் எல்லாமே மிச்சமாகியிருக்கும்.

என் மனைவிக்கு நேர்ந்ததுதான் இன்றும் என்னை வருத்துகிறது. கோவையில் அதே காரை அவளும் எட்டு ஆண்டுகள் ஓட்டினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கும், என் அம்மாவை மருத்துவமனைக்கும் அழைத்துப் போனதெல்லாம் அவள்தான். நியாயமாகப் பார்த்தால் நகரத்துக்குள் என்னைவிட அதிகம் ஓட்டியவள். ஆனால் இந்திய பாலிசி உரிமையாளரின் பெயரில் இருக்கும். யார் யார் ஓட்டுகிறார்கள் என்ற பட்டியல் அதில் இல்லை. இங்கேயோ வீட்டில் ஓட்டுகிற ஒவ்வொருவரின் பெயரும் பாலிசியில் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு உண்டு. கார் என் பெயரில் இருந்ததால் அந்த எட்டு ஆண்டுகளும் என் கணக்கில் வந்தன. அவளுக்கு ஒரு நாள்கூட வரவில்லை. எந்தக் கடிதத்தாலும் அதை நேராக்க முடியவில்லை. அரசு அங்கீகரித்த ஓட்டுநர் பயிற்சியை முடித்து, அதற்குரிய தள்ளுபடியோடு புதியவளாகத் தொடங்கினாள்.

சென்னையிலிருந்து வந்த நண்பருக்கு வேறு விதமான சிக்கல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் அவருடைய கார் மூழ்கியது. இழப்பீடு வாங்கினார்; போனஸ் பூஜ்யமானது. வெள்ளம் வந்ததற்கு அவர் என்ன செய்ய முடியும்? இந்திய முறையில் சொந்தச் சேதத்துக்கு எந்தக் காரணத்தால் இழப்பீடு கேட்டாலும், போனஸ் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தாலொழிய, கதி அதுதான். சதவீதச் சான்று மட்டும் இருந்திருந்தால் அவர் விபத்து செய்தவர் போலவே தெரிந்திருப்பார். இழப்பீட்டின் காரணம் வெள்ளம் என்று தேதியோடு எழுதி வாங்கியதால் தப்பித்தார். தன் பிழையால் நடந்த விபத்தா இல்லையா என்பதே ஒன்டாரியோவில் முதல் கேள்வி. 2022 ஜனவரியில் பனியில் வழுக்கி வந்த வண்டி ஒன்று, சிவப்பு விளக்கில் நின்றிருந்த என் காரைப் பின்னாலிருந்து மோதியது. என் நிறுவனமே செலவை ஏற்றது, அடுத்த ஆண்டு பிரீமியம் அதனால் ஒரு டாலர்கூட ஏறவில்லை. இந்த விஷயத்தில் இங்குள்ள முறை நம்முடையதைவிட நியாயமானது என்பதே என் கருத்து.

மூன்றாம் ஆண்டில் எதிர்பாராத ஒன்று நடந்தது. 2021இல் குறைந்த கட்டணத்துக்காக வேறு நிறுவனத்துக்கு மாறப் பார்த்தபோது, கோவைக் கடிதத்தை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்பதற்காக அந்த ஆண்டுகள் நம் பெயரில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. அடுத்த நிறுவனம் தன் விதிப்படி மறுபடி பார்க்கும். அதனால் மாறாமல் இருந்தேன். குளிர்கால டயர் போட்டால் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 முதல் இங்கே கட்டாயம். அதை நாமே கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

எதிர்த் திசையிலும் வழி உண்டு என்பதைத் திரும்பிப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அயல்நாட்டில் ஈட்டிய போனஸை, அங்குள்ள பாலிசி முடிந்த மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியாவில் புதிய பாலிசி எடுத்தால் கணக்கில் சேர்க்கலாம் என்று இந்திய மோட்டார் கட்டண விதிகளிலேயே இருக்கிறது. கிளையில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் விதியை எடுத்துக் காட்டுங்கள்.

2024இல் எங்கள் இருவருக்கும் ஆறு ஆண்டு உள்ளூர்ப் பதிவு நிறைவடைந்தது. இனி கோவைக் கடிதம் யாருக்கும் தேவையில்லை; கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த முறை பாலிசியைப் புதுப்பித்தபோது முதன்மை ஓட்டுநராக மனைவியின் பெயரைப் போட்டோம். திருப்பூரில் இருக்கும் அவள் தங்கை இரண்டு ஆண்டுகளில் இங்கே வருவதாக இருக்கிறாள். அவர்கள் வீட்டில் இரண்டு கார்கள், இரண்டும் கணவர் பெயரில். ஒன்றையாவது பதிவையும் பாலிசியையும் சேர்த்து அவள் பெயருக்கு மாற்றச் சொல்லி மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் நினைவூட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் மாற்றிவிட்டார்கள்.