யூரியா ஊட்டிய வைக்கோலா, கம்பு நேப்பியரா? டெல்டாவில் கன்று வளர்ப்போருக்கு ஓர் ஒப்பீடு

சம்பா அறுவடை முடிந்த கையோடு தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் வயலுக்கு வயல் வைக்கோல் உருளைகள் கிடக்கின்றன. லாரி லாரியாகக் கேரளத்துக்கும் போகின்றன. அதே ஊர்களில் காளைக் கன்றும் எருமைக் கிடாக் கன்றும் விலா எலும்பு தெரிய நிற்கின்றன. பால் தராத கன்றுக்கு எதற்குச் செலவு என்ற எண்ணம் அப்படி ஊறிப்போயிருக்கிறது. ஆனால் இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டுக்குச் சந்தையில் உடம்பைப் பார்த்துத்தான் விலை. கன்றுப் பருவத்தில் பட்டினி போட்ட உடம்பைப் பிறகு தேற்றுவதற்குள் போட்ட காசு போய்விடும்.

வெறும் வைக்கோலில் என்ன இருக்கிறது? புரதம் நூற்றுக்கு 3 முதல் 4 பங்குதான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. சிலிக்கா அதிகம். போதாததற்கு அதிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 150 கிலோ எடையுள்ள கன்று ஒரு நாளில் நாலு கிலோ வைக்கோல் தின்றால் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 130 கிராம். அந்தக் கன்று நாளொன்றுக்கு அரைக் கிலோ எடை ஏற வேண்டுமென்றால் 400 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். வயிறு நிறைந்திருந்தும் கன்று ஏன் தேறவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன: ஒன்று, கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டி உருவாக்கிய கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்; மற்றொன்று, யூரியா ஊட்டிய வைக்கோல். கன்று வளர்ப்பு என்று கேட்டுப் போனால் கையில் கம்பு நேப்பியர் கரணையைக் கொடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. புல்லைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கோ-4, கோ-5 ரகங்கள் நல்ல மண்ணில் எக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் பசுந்தீவனம் தரக்கூடியவை. நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஓர் அறுப்பு. அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 15 கிலோ புல் போட்டால் மூன்று கிலோ உலர்பொருள்தான் உள்ளே போகிறது. அப்படியும் அதிலிருந்து 270 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். வெறும் வைக்கோலைப் போல இரண்டு மடங்கு.

சிக்கல் புல்லில் இல்லை, நம் நிலத்தில் இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது என்பது நம் பாசனக் கணக்கு. பிப்ரவரி முதல் ஜூன் வரை வாய்க்காலில் தண்ணீர் வராது, கம்பு நேப்பியருக்கோ ஓயாமல் பாசனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். களிமண் வயலில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும், தூர் அழுகிவிடும். ஆற்றோரப் படுகையிலோ மேட்டுக் கொல்லையிலோ நிலமும் ஆழ்துளைக் கிணறும் வைத்திருப்பவருக்கு இந்தப் புல் பொருந்தும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கடைமடையில் குத்தகை நிலத்தில் இருப்பவருக்கு அதைப் பரிந்துரைப்பது அவர் நிலைமையை அறியாத பேச்சு. அவருக்கு வாய்க்கால் கரையில் தண்ணீர் நின்றாலும் தாங்கும் எருமைப் புல்லே மேல்.

வைக்கோல் அவரிடமும் இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். தார்ப்பாய் விரித்து, வைக்கோலைப் படுகை படுகையாகப் பரப்பி, பூவாளியால் கரைசலைச் சமமாகத் தெளித்து, காற்று தங்காமல் மிதித்து, இறுக மூடி, ஓரங்களில் மண் அணைத்து 21 நாள் விட வேண்டும். உள்ளே யூரியா அம்மோனியாவாகி, நாரைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் லிக்னின் பிணைப்பைத் தளர்த்துகிறது. பிரிக்கும்போது கண் எரிகிற நெடி அடிக்கும். வைக்கோல் பழுப்பேறி, கையில் பிடித்தால் துவளும். புரதம் 7 முதல் 8 பங்காகியிருக்கும், செரிமானமும் கூடியிருக்கும். அன்றன்று வேண்டியதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட வேண்டும். முதல் சில நாள் கன்று முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். சாதா வைக்கோலோடு கலந்து பழக்கினால் தின்னும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது கூடவே கூடாது. கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

இதை மட்டும் நம்பியும் கன்று வேகமாக வளராது. கூடவே கொஞ்சம் புண்ணாக்கு வேண்டும். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1990-களில் அம்மோனியா ஊட்டிய வைக்கோலை வைத்தே இறைச்சி மாடுகளைப் பெரிய அளவில் வளர்த்தார்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை அளவு மாற்றிப் போட்டுப் பார்த்ததில், முதலில் சேர்த்த சிறிய அளவுதான் எடையை அதிகம் உயர்த்தியது. மேலும் மேலும் சேர்க்கப் பலன் குறைந்துகொண்டே போனது. நம் கன்றுக்கும் அரைக் கிலோ கடலைப் புண்ணாக்கு 200 கிராம் புரதம் தந்துவிடும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மட்டும் வேண்டாம், அதில் நஞ்சு சேரும். நெல் அறுத்த வயலில் தரிசுப் பயிராக விதைத்த உளுந்தை அடித்த பிறகு மிஞ்சும் கொடியையும் பொட்டையும் வீணாக்காமல் கொடுக்கலாம். பாபநாசம், ராஜகிரி வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் கழிக்கிற அகத்தித் தழை கிடைத்தால், புரதத்தில் அதற்கு ஈடான தழை அரிது.

தண்ணீரில் மிதந்து வளரும் சிறு தாவரமான அசோலாவைத் தீவனமாகப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கிலோ பச்சை அசோலாவில் இருக்கும் புரதம் 15 கிராம் அளவே. தொட்டி கட்டுகிற காசில் புண்ணாக்கு வாங்கலாம்.

என் தீர்ப்பு இது: மேட்டு நிலமும் கோடைத் தண்ணீரும் இருந்தால் கம்பு நேப்பியர், இல்லையென்றால் யூரியா வைக்கோலும் அரைக் கிலோ புண்ணாக்கும். டெல்டாவில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது வகை. எதைத் தேர்ந்தாலும் தாது உப்புக் கலவையை விட்டுவிடக் கூடாது, புல்லிலும் ஆக்சலேட் உண்டு. நத்தை பெருகும் வாய்க்கால் கரையில் மேய்கிற கன்றுக்குக் கல்லீரல் தட்டைப்புழு தொற்றும். மழைக்காலம் முடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுக்காவிட்டால், போடுகிற தீவனத்தில் பாதி புழுவுக்கே.

தீவனம் பிடிக்கிறதா என்று பார்க்கத் தராசு வேண்டாம், தையல் டேப் போதும். காலையில் தண்ணீர் காட்டும் முன், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 48, நீளம் 44 என்றால் ஏறக்குறைய 154 கிலோ. மாதம் ஒருமுறை எழுதி வைத்தால் போதும்.

வைக்கோலைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். சம்பா வைக்கோல் தை, மாசி வெயிலில் காய்ந்து வருவதால் ஊட்டமேற்ற ஏற்றது. குறுவை வைக்கோல் பல ஆண்டுகளில் மழையில் நனைந்து கறுத்துப் பூசணம் பிடித்துவிடுகிறது. அதை யூரியா காப்பாற்றாது, எருக்குழியில் போட்டுவிடுங்கள்.