ஆபாச கேம்கள்: பூட்டி விற்கும் கடையா, விற்காத கடையா?

இலங்கையில் ஹட்டன் பக்கம் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் குழப்பம் நிறைய. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீம் வயது வந்தோருக்கான கேம்களையும் விற்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்கான கடையான கூகுள் பிளே அவற்றை அனுமதிப்பதில்லை.

வயதுத் தடை:
ஸ்டீம் – முதலில் மறைத்தே வைத்திருக்கும், அமைப்பில் போய்த்தான் திறக்க வேண்டும். ஆனால் பிறந்த ஆண்டை 1990 என்று தட்டும் பையனை யார் தடுப்பது? தோட்டத்து லயன் அறையில் அப்பாவின் கணக்கைத்தான் அக்காவும் தம்பியும் பாவிக்கிறார்கள். எனக்குக் கவலையே இதுதான்.
பிளே – இந்தத் தொல்லை குறைவு.

வளர்ந்தவரின் உரிமை:
ஸ்டீம் – தன் காசில் வாங்குவதை அவரே தீர்மானிக்கலாம். ஆனாலும் 2025 ஜூலையில் வாங்குபவரின் காசைக் கடைக்குச் சேர்க்கும் பணப்பரிமாற்ற நிறுவனங்களின் அழுத்தத்தால் சில கேம்களை நீக்கியது. அதே மாதம் இட்ச் ஐஓ என்ற இன்னொரு இணையக் கேம் கடை, நல்லது கெட்டது பிரிக்காமல், வயது வந்தோருக்கான எல்லாவற்றையும் தேடலிலிருந்து மறைத்தது. சட்டத்துக்கு உட்பட்ட கேமை விற்கலாமா என்று காசு கைமாற்றும் நிறுவனம் முடிவு செய்வது சரியே இல்லை.
பிளே – தெரிவே இல்லை.

தனிக் கணினி உள்ள பெரியவருக்கு விற்கும் கடை பொருந்தும். போனைப் பகிரும் வீட்டுக்குப் பொருந்துவது விற்காத கடை. பிள்ளைக்கு ஸ்டீம்தான் வேண்டுமென்றால், ஸ்டீம் குடும்ப வசதியில் தனிக் கணக்குத் திறந்து, அனுமதிக்கும் கேம்களை நீங்களே தெரிவு செய்யுங்கள்.