ஏலகிரியில் ஐ20 என் லைன், ஹைவேயில் விர்டஸ் ஜிடி

என் மச்சானுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை, வீடு குடியாத்தத்தில். கையில் இருக்கும் பழைய ஸ்விஃப்ட்டைத் தள்ளிவிட்டு "ஓட்டுனா மனசுக்கு ஜிவ்வுனு இருக்குற மாதிரி" ஒரு கார் வாங்க வேண்டும் என்று ஆறு மாதமாக என் உயிரை வாங்குகிறான். சின்னதாக, சட்டென்று திரும்புகிற வண்டியா? பெரிதாக, மிதித்தால் பாய்கிற வண்டியா? கார்ப் பிரியர்கள் நெடுநாளாகப் பேசித் தீராத வழக்கு இது.

உலக அளவில் இந்த வழக்கின் வாதியும் பிரதிவாதியும் மஸ்டா எம்எக்ஸ்-5, ஃபோர்டு மஸ்டாங் என்று வைத்துக்கொள்ளலாம். எம்எக்ஸ்-5 இரண்டே சீட், எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். மஸ்டாங் ஜிடியில் ஐந்து லிட்டர் வி8 இன்ஜின், எடை கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டன். முதலாவது நம் ஊரில் விற்பனைக்கே வரவில்லை. இரண்டாவது 2016-ல் வந்தது, சில வருடங்களில் போயும் விட்டது. இருந்திருந்தாலும் குடியாத்தம் பஜார் தெருவில் அதை எங்கே திருப்புவது? ஆகவே நம் மாதச் சம்பளத்துக்கு அதே வழக்கைச் சுருக்கினால் ஹூண்டாய் ஐ20 என் லைன் ஒரு பக்கம், ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி 1.5 இன்னொரு பக்கம் என்று வந்து நிற்கும். இரண்டுமே அசல் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் அந்த ஆசையில் பாதியைத் தீர்க்கும்.

(ஃபோக்ஸ்வேகனின் சின்ன, வேகமான போலோ ஜிடி இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது. 2022-ல் இந்தியாவில் அதை நிறுத்தியபோது எனக்கு ஏற்பட்ட துக்கத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை.)

எண்களை முதலில் முடித்துவிடுகிறேன். என் லைனில் 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ, 120 பிஎஸ் (குதிரைத்திறன்), 172 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை). விர்டஸ் ஜிடியில் 1498 சிசி, நான்கு சிலிண்டர் டர்போ, 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். நீளம் 3995 மில்லிமீட்டருக்கு 4561, அதாவது இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். எடையிலும் விர்டஸ் கூடுதல். இரண்டிலுமே முன் சக்கரம்தான் இழுக்கும்.

பிஎஸ்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். முப்பது பிஎஸ் வித்தியாசத்தைவிட அந்த 78 நியூட்டன் மீட்டர்தான் காலுக்குத் தெரியும்.

என் சித்தப்பா மகனிடம் என் லைன் மேனுவல் இருக்கிறது. காட்பாடி நண்பரிடம் விர்டஸ் ஜிடி, தானாகவே கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸோடு. இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கெஞ்சி வாங்கினோம். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏலகிரி ஏறி இறங்குவது திட்டம். மச்சான், நான், கூடவே "நானும் மலைய பாத்து ரொம்ப நாளாவுது" என்று வந்து உட்கார்ந்த மாமியார்.

வேலூர் கிரீன் சர்க்கிளைத் தாண்டி பெங்களூரு ஹைவேயில் ஏறியதுமே விர்டஸ் தன் குணத்தைக் காட்டிவிட்டது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்று கிளம்பும்போது பக்கத்து லேனில் ஒரு ஆம்னி பஸ். மச்சான் ஆக்ஸிலேட்டரைப் பாதிதான் மிதித்தான். பஸ் கண்ணாடியில் புள்ளியாகிவிட்டது. இன்ஜின் கத்தவே இல்லை. அதன் பிறகு எண்பது, தொண்ணூறில் சீராகப் போகும்போது நான்கில் இரண்டு சிலிண்டர்கள் தானாக ஓய்வெடுத்துக்கொள்ளும், டிஸ்ப்ளேவில் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எப்போது நின்றது, எப்போது சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மாமியார் மாதனூர் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

பின்னால் என் லைனில் வந்த எனக்கும் சலிப்பில்லை. ஆனால் ஹைவேயில் அந்த வண்டிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. நூறைத் தொட்ட பிறகு லாரியைத் தாண்ட ஒரு கியர் குறைக்க வேண்டும். டயர் சத்தம் உள்ளே கேட்கும். பாலத்து ஜாயின்ட் ஒவ்வொன்றும் முதுகெலும்புக்குத் தகவல் சொல்லும்.

வாணியம்பாடி தாண்டித் திருப்பத்தூர் ரோட்டில் போய், பொன்னேரியில் மலை அடிவாரத்தில் வண்டியை மாற்றிக்கொண்டோம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருப்பார்கள். முதல் மூன்று வளைவு வரைக்கும் மச்சான் ஒன்றும் பேசவில்லை. நான்காவதில் சிரிக்க ஆரம்பித்தான்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டு, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே உள்ளே வருகிறது. மற்ற ஐ20களைவிட இதன் சஸ்பென்ஷன் இறுக்கம், அதனால் பாடி சாய்வதில்லை. வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலேட்டரை முழுசாகக் கொடுக்கலாம். அந்தச் சின்ன இன்ஜினால் டயரைச் சுழலவிட முடியாது, இழுத்துக்கொண்டு மேலே போகும். மூன்று சிலிண்டரின் அந்தக் கரகர சத்தம் பாறையில் மோதித் திரும்ப வரும். இவ்வளவுக்கும் மீட்டரில் நாற்பது, நாற்பத்தைந்துதான்! வண்டியிடம் இருப்பதில் முக்கால்வாசியை எடுத்துவிட்டோம், யாருக்கும் ஆபத்தில்லை, போலீஸுக்கும் வேலையில்லை.

அதே வளைவுகளில் விர்டஸை நான் ஓட்டினேன். ஏறுவதற்கு அதற்குச் சிரமமே இல்லை, அதுதான் பிரச்சினை. வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. கொஞ்சம் ஆர்வமாக மிதித்தால் உள்பக்க முன் சக்கரம் ஒரு நொடி வழுக்கி, ஸ்டியரிங் கையில் முறுக்குகிறது. எட்டாவதோ ஒன்பதாவதோ வளைவில் மேலிருந்து பஸ் ஒன்று முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. அந்த நீள மூக்கைச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்துவதற்குள் வேர்த்துவிட்டது. என் லைன் அதற்குள் முன்னால் இருந்த மண் ஒதுக்கில் புகுந்து நின்றுகொண்டிருந்தது. விர்டஸ் நன்றாகத் திரும்புகிற வண்டிதான், அதன் அளவுக்கு. ஆனால் அங்கே அதனிடம் இருப்பதில் கால்வாசியைக்கூட நான் எடுக்கவில்லை. மிச்சத்தை எடுக்கக் கிருஷ்ணகிரி வரைக்கும் போக வேண்டும். அங்கேயும் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது.

இறங்கும்போது பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. என் லைனில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். சக்தி அதிகமான, எடையும் அதிகமான விர்டஸில் பின்னால் டிரம். முன் பிரேக்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் இந்தக் காசுக்கு டிரம்மா என்று கேட்கத் தோன்றுகிறது. எந்த வண்டியாக இருந்தாலும் இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கையே நம்பி இறங்கிய ஒரு வாடகை வேன் அடிவாரத்தில் புகை நாற்றத்தோடு நின்றதைப் பார்த்தோம்.

சரி, அப்படியென்றால் சின்னதே ஜெயித்ததா? மலையில் ஜெயித்தது. ஆனால் நம் பக்கத்து ரோடுகள் எல்லாம் ஏலகிரி இல்லை. கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் ரோட்டை நினைத்துப்பாருங்கள். முன்னால் கரும்பு டிராக்டர், லோடு ரோட்டின் பாதிக்கு மேல் பிதுங்கியிருக்கும். எதிரே காலி இடம் கொஞ்சம்தான் தெரியும். அங்கே எதிர் லேனில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. அந்த 250 நியூட்டன் மீட்டர் அந்த நேரத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. குடும்பத்தோடு போகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. என் லைனில் அதே இடத்தில் நான் பொறுத்திருந்து அடுத்த வாய்ப்பைத்தான் பார்ப்பேன்.

பாதுகாப்பு இன்னொரு இடறல். கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் விர்டஸ் 2023-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஐ20 2022-ல் மூன்றுதான். அப்போது சோதித்தது இரண்டு ஏர்பேக் மட்டும் உள்ள அடிப்படை வகை, இப்போது என் லைனில் ஆறு. ஆனாலும் மோதலில் பாடி உறுதியாக நிற்கவில்லை என்று அன்று சொன்னது மனதில் உட்கார்ந்துவிட்டது. மச்சான் மனைவி படித்துக் காட்டியது அந்த வரியைத்தான்.

அப்புறம் காசு. நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம். விர்டஸ் அந்தக் கோட்டைத் தாண்டியது, அதற்கு 40. அதோடு தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் இருந்தால் சாலை வரி 13 சதவீதம், அதைத் தாண்டி இருபது லட்சம் வரை 18. என் லைனில் பத்து லட்சத்துக்குக் கீழேயும் ஒரு வகை உண்டு. ஆன் ரோடு வித்தியாசம் ஐந்தாறு லட்சத்துக்குக் குறையாது. அந்தக் காசுக்கு எத்தனை செட் டயர், எத்தனை ஏலகிரி!

என்னைக் கேட்டால் நான் என் லைன் மேனுவலை எடுப்பேன். வேலூருக்குள் தினமும் பத்து கிலோமீட்டர், மாதம் ஒருமுறை ஏலகிரியோ ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையோ, அவ்வளவுதான் என் ஓட்டம். வாரா வாரம் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர் என்றால் கடன் வாங்கியாவது விர்டஸ். 521 லிட்டர் டிக்கியில் அரிசி மூட்டையும் ஸ்ட்ரோலரும் ஒன்றாகப் போகும், என் லைனில் 311 தான்.

ஏலகிரி மேலே அத்தனாவூரில் டீ குடிக்கும்போது மாமியாரிடம் கேட்டேன், எது நல்லா இருந்தது என்று. ஏறும்போது அவர் என் லைனில் பின் சீட்.

"வரும்போது தூங்குனேன். மலை ஏறும்போது முழிச்சினே இருந்தேன்" என்றார். மச்சான் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டான். அவன் மனைவியும் ஃபோனில் கேட்டுவிட்டுத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாள்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து ஃபோன். "மாமா, ராணிப்பேட்டையில ஒரு 2021 போலோ ஜிடி இருக்குதாம். ஒரே ஓனர். காலையில வர்றியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.