சபா டிவியும் சட்டசபைக் காகிதங்களும்: எல்லைத் தமிழருக்கு எவ்வளவு பிரயோஜனம்?

மூணாறு, மறையூர், வட்டவடைப் பக்கத்திலும் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு ஓடுவது சென்னைச் சேனல்கள்தான். தமிழ்நாட்டு மந்திரிசபை மனப்பாடம். ஆனால் பட்டயம் (நிலப் பட்டா), ரேஷன், பஞ்சாயத்து வரி எல்லாம் தீர்மானமாவது திருவனந்தபுரத்தில், 140 பேர் உட்காரும் நியமசபையில், அதாவது கேரள சட்டசபையில். அதை வீட்டிலிருந்தே எட்டிப் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சபை நடவடிக்கைகளைக் காட்ட 2020 ஆகஸ்டில் தொடங்கிய சபா டிவி; யூடியூபிலும் வருகிறது. மற்றது, நியமசபை இணையதளத்தில் ஏற்றப்படும் மசோதா, கேள்வி-பதில் பிடிஎஃப் காகிதங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது, டேட்டா மட்டும்தான். முதலிலேயே சொல்லிவிடலாம்: டிவிக்குப் பாஸ் மார்க், காகிதத்துக்கு முதல் வகுப்பு, தமிழ்ப் பாடத்தில் இரண்டும் ஃபெயில்.

நேரலையை நாள் முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை. காலை 9 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் துணைக்கேள்வி போடலாம். ஒரு மணி நேரத்தில் பட்டியலின் தலைப்பக்கம் மட்டும்தான் தீரும். மிச்சப் பதில்கள் எழுத்தில் மேஜைக்கு வந்துவிடும். நம் ஊர்க் கேள்வி இருபதாவதாக நின்றால் அதற்காக டிவி முன்னால் உட்கார்வது வீண்.

10 மணிக்குப் பூஜ்ய நேரம். சேனல்காரர்கள் காத்திருப்பது இதற்குத்தான். மற்ற வேலையை ஒத்திவைத்து ஓர் அவசர விஷயத்தை விவாதிக்கக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு, விதி 50-இன்படி எதிர்க்கட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கும். கொடுத்தவர் சில நிமிஷம் பேசுவார், மந்திரி பதில் சொல்வார், பெரும்பாலும் அனுமதி மறுக்கப்படும், எதிர்க்கட்சித் தலைவர் பேசுவார், வெளிநடப்பு. கூத்தில் கட்டியங்காரன் வருகிற மாதிரி வரிசை மாறாது. அனுமதி கிடைக்கிற நாள் மட்டும் விசேஷம்: அன்றைக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேர விவாதம் நடக்கும், இரு தரப்பும் கணக்கைக் கொட்டும். எதிர்க்கட்சியினர் சபாநாயகர் மேடைக்கு முன்னால் இறங்கிக் கோஷம் போடும்போது கேமரா அவர்களைக் காட்டுவதில்லை என்ற புகாரை 2022, 2023-இல் எதிர்க்கட்சி பலமுறை எழுப்பியது. சத்தம் கேட்டும் படம் வராவிட்டால் உங்கள் போனில் கோளாறு இல்லை.

மலையோரத்தார் தவறவிடக் கூடாதது அதற்கு அடுத்த பகுதி. விதி 62-இன்படி கவன ஈர்ப்பு, விதி 304-இன்படி சப்மிஷன். காட்டு யானை, உடைந்த ரோடு, டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி என்று ஒரு தொகுதியின் குறை சுருக்கமாக வரும், மந்திரி அதே இடத்தில் பதில் சொல்வார். அந்தப் பதிலை நேரத்தோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். “பரிசோதிக்காம்” (பரிசீலிக்கலாம்) என்று மந்திரி சொன்னது வாக்குறுதியாகக் கணக்கில் ஏறினால், அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று சபையில் இருக்கிறது. சட்டமுன்வடிவுகள், அதாவது மசோதாக்கள், இதற்கும் பிறகுதான், காலரி காலியான நேரத்தில் வரும். வெள்ளிக்கிழமை தனியார் உறுப்பினர் நாள், அதாவது மந்திரி அல்லாத உறுப்பினர்களின் மசோதாக்களுக்கான நாள். அங்கே வருகிற மசோதா சட்டமாகும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை; மந்திரியின் வாயிலிருந்து ஒரு நிலைப்பாட்டை வரவழைப்பதுதான் லாபம்.

மலையாளம் நமக்குப் புரியும் என்கிற தைரியம்தான் இந்தச் சேவையில் பெரிய பள்ளம். பேச்சு புரியும், சட்டசபை மலையாளம் காலை வாரிவிடும். மந்திரி “மறுபடி பறயும்” என்றால் திரும்பச் சொல்லப்போகிறார் என்று அர்த்தமில்லை, பதில் சொல்லப்போகிறார். “அவகாச லங்கனம்” என்பது அவகாசம் தாண்டியது அல்ல, உரிமை மீறல். “சம்மேளனம்” சங்கங்களின் கூட்டமைப்பு அல்ல, கூட்டத்தொடர். “வகுப்பு” என்ற ஒரே சொல் இலாகாவையும் குறிக்கும், சட்டப் பிரிவையும் குறிக்கும். “அடியந்திரப் பிரமேயம்” அவசரச் சட்டம் அல்ல. மேலே சொன்ன ஒத்திவைப்புத் தீர்மானம். அவசரச் சட்டத்துக்கு அங்கே ‘ஓர்டினன்ஸ்’ என்பார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் “சட்டம்”. நமக்கு அது சபை நிறைவேற்றியது. மலையாளத்தில் அது விதி. சபை நிறைவேற்றுவது “நியமம்”. இந்த ஒரு சொல்லால் இடுக்கியில் எத்தனை டீக்கடை வாக்குவாதம்! 1960-ஆம் ஆண்டு அரசு நிலப் பதிவுச் சட்டத்துக்கான திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டய நிலத்தில் எழுந்த வீடு, கடை, விடுதிகளை முறைப்படுத்த வழி செய்யும் திருத்தம் அது. 2023 செப்டம்பரில் சபையில் நிறைவேறியது. கவர்னரின் கையெழுத்து 2024 ஏப்ரலில் கிடைத்தது; இடையில் ஜனவரியில் இடுக்கியில் ஹர்த்தாலே நடந்தது. கையெழுத்தான பிறகும் மலையாளச் செய்தியில் “சட்டம் வந்நிட்டில்ல” என்று வந்துகொண்டே இருந்தது. அதாவது திருத்தம் சட்டமாகிவிட்டது. எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு கட்டணம், யாரிடம் விண்ணப்பம் என்று சொல்லும் விதிகள் வரவில்லை. அதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. நடுவில் ‘சட்டமே இன்னும் வரலை’ என்றவர்களும் ‘அதான் பாஸாயிடுச்சே’ என்றவர்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து காகிதத்திலேயே இருக்கிறது. மசோதாவின் பிடிஎஃப்பைப் பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதலில் நோக்கக் காரண விளக்கவுரை: ஏன் கொண்டு வருகிறார்கள் என்று ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்லியிருக்கும். அடுத்து நிதிக் குறிப்பு: கஜானாவிலிருந்து செலவு உண்டா என்பது அதில் தெரியும். பிறகு, பலரும் தாண்டிப் போகிற ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் குறிப்பு: எந்தெந்த உட்பிரிவின் கீழ் அரசு விதி வகுக்கப் போகிறது என்ற பட்டியல் இங்கேதான். இந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், மசோதா நிறைவேறிய மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை என்று புரிந்துகொள்ளலாம். கடைசியில் மூலச் சட்டத்தின் சம்பந்தப்பட்ட பிரிவுகள் அச்சாகியிருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் “என்ற சொற்களுக்குப் பதிலாக” வகையறா திருத்தங்கள் அர்த்தமாகும். முதல் உட்பிரிவின் இரண்டாம் வரியையும் பார்த்துவிடுங்கள்: உடனே அமலா, அரசு அறிவிக்கும் தேதியிலா என்று அங்கே இருக்கும்.

எந்தப் பிரதி என்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். அறிமுகமானது ஒன்று, சப்ஜெக்ட் கமிட்டி (துறைவாரியாக மசோதாவை ஆராயும் உறுப்பினர் குழு) திருத்தித் தந்தது ஒன்று, சபை நிறைவேற்றியது ஒன்று. மூன்றும் ஒரே பெயரில் இருக்கும். 1980-இல் தொடங்கிய இந்தக் கமிட்டிகள் இப்போது 14. கேரள நியமசபையின் உண்மையான பட்டறை அதுதான். வரிக்கு வரி வேலை நடப்பது அங்கே. வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் அறிமுகப் பிரதி. வக்கீலிடம் கொண்டு போக வேண்டியது கவர்னர் ஒப்புதலுக்குப் பின் கெஜட்டில் சட்ட எண்ணோடு வந்த பிரதி மட்டுமே. மலையாளத்தில் நிறைவேறிய சட்டமானாலும், கவர்னரின் அதிகாரத்தில் வெளியாகும் ஆங்கில வடிவம் ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமானது என்று அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகையால் மலையாளம் தடுமாறுகிறவர் தயங்காமல் ஆங்கிலப் பிரதியைத் தேடலாம். பழைய கோப்புகளில் யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு இருந்தால், வெட்டி ஒட்டினால் கிறுக்கலாகத்தான் வரும். பக்கத்தைப் படமெடுத்து எழுத்தை அடையாளம் காணும் செயலியில் போடுவதே வழி.

முழு மார்க் வாங்குவது நட்சத்திரக் குறியிடாத, எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்விகளின் பதில்கள். யாரும் கூச்சல் போடாத பகுதி, இலாகா கையெழுத்துப் போட்ட கணக்கு. ஆனால் கேள்வி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பதில். “பாலக்காட்டுச் சித்தூர்ப் புழைக்கு ஆளியாற்றுத் தண்ணீர் சரியாக வருகிறதா?” என்று கேட்டால் “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று ஒரு வரி வரும். உங்கள் தொகுதி உறுப்பினரை இப்படிக் கேட்க வைக்க வேண்டும்: (அ) 1970 பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் வர வேண்டிய 7.25 டிஎம்சியில், கடந்த ஐந்து நீராண்டுகளில் ஆண்டுவாரியாகக் கிடைத்தது எவ்வளவு. (ஆ) குறைந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்குக் கடிதம் எழுதிய தேதிகள் என்ன. (இ) நகல்களை வைக்க முடியுமா. அபிப்பிராயம் கேட்டாலோ, கோர்ட்டில் நிற்கும் வழக்கைத் தொட்டாலோ கேள்வி தள்ளுபடி. மத்திய அரசின் விஷயமானால் “மாநில அரசு எழுதிய கடிதம் என்ன” என்று திருப்பிக் கேட்பது பழைய தந்திரம். “விவரம் சேகரித்து வருகிறது” என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள், அடுத்த கூட்டத்தொடரில் அதே உறுப்பினரிடம் நினைவுபடுத்துங்கள்.

தமிழில் ஃபெயில் என்றது வெறும் ஆதங்கத்தில் இல்லை. சொந்த மொழியில் பேச அரசியலமைப்பின் 210-ஆம் பிரிவு சபாநாயகரின் அனுமதியோடு இடம் தருகிறது. 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினர் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். கையில் கொடுத்த தமிழ் வாசகத்தில் கடவுள் பெயராலா, உளமார உறுதியாகவா என்ற இடமே விட்டுப்போயிருந்தது; ஜூன் 2-ஆம் தேதி மறுபடியும், நம் அர்த்தத்து மறுபடியும், எடுக்க வேண்டியதாயிற்று. பிரமாணம் சரியில்லாமல் சபையில் உட்கார்ந்தால் நாளைக்கு 500 ரூபாய் தண்டம் என்கிறது 193-ஆம் பிரிவு. ஒரு பக்க வாசகத்துக்கே இந்த நிலைமை என்றால் நாற்பது பக்க மசோதா தமிழில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

மனு விஷயம் வேறு. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் உள்ளூர் ஆபீசுகளுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே ஏற்பாடு செய்யப்பட்டது. குறை தீர்க்கும் மனுவுக்கு அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவும் துணை. சபையின் மனுக்கள் குழுவுக்கு எழுதுகிறவர்கள் ஒரு தாளில் ஒரே விஷயத்தை வையுங்கள். கிராமம், சர்வே எண், ஏற்கெனவே மனு கொடுத்த ஆபீஸ், தேதி, ரசீது எண் இவை முதல் பாதியிலேயே வரட்டும். தமிழ் மனுவின் தலைப்பை மட்டும் மலையாளத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். தபாலைப் பிரிப்பவர் எந்த மேஜைக்கு அனுப்புவது என்று தேடாமல் இருப்பார்.