டான்டே, மிலான், ஏஇஎஸ்67: எதை எங்கே போடுவது?

மிக்சர், மேடையில் மைக்குகளைச் செருகும் ஸ்டேஜ் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் நெட்வொர்க் கேபிளில் இணைக்க இன்று அதிகம் பேசப்படும் வழிகள் மூன்று: டான்டே, மிலான், ஏஇஎஸ்67. மூன்றுமே ஒலியைச் சுருக்காமல்தான் அனுப்புகின்றன. அதனால் காதால் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏதாவது கோளாறு வந்தால் அதைத் தேடும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டான்டே ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனத்துடையது. சாதனத்தைச் செருகினால் ஐபி முகவரி தானாக அமைந்துவிடும், டான்டே கன்ட்ரோலர் என்ற கணினி மென்பொருளில் பெயர் தெரியும், அதன் கட்டத்தில் ஒரு கிளிக் போட்டால் ஒலி வந்துவிடும். இங்கே உயிர்நாடி அந்தப் பெயர்தான். பெறும் சாதனம் ‘இன்ன பெயருள்ள பெட்டியின் இன்ன சேனல்’ என்றே நினைவில் வைத்திருக்கும். நிகழ்ச்சிக்கு முன் ஸ்டேஜ் பாக்ஸ் ஒன்று பழுதானால், அதைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொன்றை வைத்து, பழைய பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுத்தால் போதும். அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த சேனல்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். புதுப் பெட்டிக்குள் வரவேண்டிய சேனல்களை மட்டும் மறுபடி இணைக்க வேண்டும். இதே காரணத்தால், எல்லாம் இணைத்து முடித்த பிறகு யாராவது பெயரை மாற்றினால் அத்தனை இணைப்பும் அறுந்துவிடும். பெயரை முதலில் வையுங்கள், பிறகு இணையுங்கள்.

சாதாரண கிகாபிட் சுவிட்ச் போதும் என்பது டான்டேயின் பெரிய பலம். ஆனால் மின்சேமிப்பு ஈதர்நெட் அம்சத்தைச் சுவிட்சில் அணைத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் ஓடவைக்கும் க்ளாக் ஆட்டம் காணும். முன்னிருப்பு லேட்டன்சி, அதாவது ஒலி போய்ச்சேர விடும் தாமதம், 1 மில்லிசெகண்ட். அடுத்தடுத்துச் சுவிட்சுகள் கூடினால் இதையும் கூட்ட வேண்டும்.

மிலான், ஐஇஇஇ என்ற தர அமைப்பு வகுத்த ஏவிபி (ஒலி, காணொளியை நெட்வொர்க்கில் நேரம் தவறாமல் அனுப்பும்) தரங்களின் மேல் 2018இல் வந்தது. இதில் சுவிட்சே காவல்காரன். ஒலி ஓடத் தொடங்கும் முன்பே வழி நெடுக இடம் ஒதுக்கப்படும். முன்னிருப்பாக ஒரு போர்ட்டின் திறனில் 75 சதவீதம் வரை இதற்கு ஒதுக்கலாம். இடம் இல்லையென்றால் இணைப்பே கிடைக்காது. டான்டேயில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. வேறு போக்குவரத்து நெருக்கினால் பாட்டின் நடுவில் ‘டக்’ என்று வெட்டும்போதுதான் தெரியவரும். முன்கூட்டியே மறுப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. இதற்கு விலை உண்டு: வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் ஏவிபி தெரிந்ததாக இருக்க வேண்டும். சாதாரணச் சுவிட்ச் ஒன்று நடுவில் வந்தால் அதோடு ஒலி நின்றுவிடும். ஒலியை எண்களாக்கும் வேகத்தை வைத்திருக்கும் சாம்பிள் க்ளாக்கைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பெட்டியும் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் குறிக்க வேண்டும். மறந்தால் ஸ்ட்ரீம் (ஒலி ஓட்டம்) இணைந்ததாகக் காட்டும், ஒலியில் மட்டும் சொடுக்கல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பல நிறுவனங்களின் கருவிகள் கலந்திருந்து, கட்டடத்தில் ஏற்கெனவே உள்ள நெட்வொர்க்கில் ஓட வேண்டுமானால் டான்டே. ஸ்பீக்கர் பகுதிக்கென்று தனி நெட்வொர்க் போட்டு, சுவிட்சையும் நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் தயங்காமல் மிலான்.

2013இல் வெளியான ஏஇஎஸ்67ஐ இவற்றுக்குப் போட்டியாகப் பார்க்காதீர்கள், அது பாலம். ஒரு டான்டே பெட்டியையும் ரவென்னா என்ற இன்னொரு ஒலி நெட்வொர்க் முறையின் பெட்டியையும் பேசவைக்க அதுதான் கைகொடுக்கும். ஆனால் சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறையை அது கட்டாயமாக்கவில்லை, ஆகவே ஸ்ட்ரீம் விவரங்களைச் சில சமயம் கையால் இட வேண்டியிருக்கும். ஒரே ஓட்டத்தைப் பலருக்கு அனுப்பும் மல்டிகாஸ்டில் ஓடுவதால், கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அதை விடும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கும், யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது விசாரிக்கும் ஒரு குவெரியரும் சுவிட்சில் தேவை. பலர் இடறும் இடம், எதை முதலில் அனுப்ப வேண்டும் என்று சுவிட்சுக்குச் சொல்லும் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமை எண். டிஎஸ்சிபி 46 ஏஇஎஸ்67இன் முன்னிருப்பில் க்ளாக்குக்கு உரியது. டான்டேயிலோ அதே 46 ஒலிக்கு, க்ளாக்குக்கு 56. இரண்டையும் ஒரே சுவிட்சில் விட்டால் ஒன்றின் க்ளாக் மற்றதன் ஒலியோடு ஒரே வரிசையில் நிற்கும். ஏஇஎஸ்67 சாதனம் மாற்ற அனுமதித்தால் அதன் க்ளாக்கை 56க்கும் ஒலியை 46க்கும் நகர்த்திவிட்டு, அதன் பிறகு ஸ்ட்ரீமை இணையுங்கள்.