அசல் குகையா, நகல் ஓவியமா? பனியுகத்தைப் பார்க்க எங்கே போவது

பனியுக ஓவியங்கள் நிறைந்த, தென்மேற்கு பிரான்ஸின் லாஸ்கோ குகையின் கதவு பொதுமக்களுக்கு மூடப்பட்டது 1963-ல். அதே நாட்டின் ஷோவே குகைக்குள் பொதுமக்கள் போனதே இல்லை. வடக்கு ஸ்பெயினின் அல்தமிராவை 2002-ல் பூட்டினார்கள். 2014-ல் மறுபடி திறந்தபோது வாரத்துக்கு ஐந்து பேர், அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள், 37 நிமிடம் மட்டும். பனியுக ஓவியம் என்றதும் எல்லோரும் சொல்லும் மூன்று பெயர்களும் இப்படி நம்மை வாசலோடு நிறுத்திவிடுகின்றன.

நான்காவதாக ஒரு இடம் இருக்கிறது. தெற்கு ஜெர்மனியில், ஸ்வேபிய யூரா என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அங்கே குகைக்குள் போகலாம். ஆனால் லாஸ்கோ போல ஓவியம் நிறைந்த சுவர் எதுவும் அங்கே இல்லை.

நான்கும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. லாஸ்கோ அடங்கிய வெசேர் பள்ளத்தாக்கு 1979-ல் சேர்ந்தது. அல்தமிரா 1985-ல், 2008-ல் வடக்கு ஸ்பெயினின் இன்னும் 17 குகைகளை அதோடு சேர்த்தார்கள். ஷோவே 2014, ஸ்வேபிய யூரா 2017. பயணக் கட்டுரைகள் இவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி "கட்டாயம் பார்க்க வேண்டியவை" என்று முடித்துவிடுகின்றன. ஒன்றுக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறது என்றால்?

ஒரே பனியுகம், வேறு வேறு காலம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்த நான்கும் ஒரே காலத்தவை அல்ல. கடைசிப் பனியுகம் ஏறத்தாழ 1,15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. குளிர் உச்சத்தைத் தொட்டது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்.

ஸ்வேபிய யூராவின் தந்தச் சிற்பங்கள் அந்த உச்சத்துக்கு வெகு முன்பே, ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்டவை. ஷோவேயின் பழைய ஓவியங்களுக்கு 36,000 ஆண்டு வயது. லாஸ்கோ உச்சக் குளிரை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் பிறகோ வருகிறது. 17,000 முதல் 21,000 ஆண்டு வரை சொல்கிறார்கள். அல்தமிராவின் கூரையில் இருக்கும் புகழ்பெற்ற காட்டெருமைகள் கடைக்குட்டிகள்: 15,000 ஆண்டுகளை ஒட்டியவை. அப்படியென்றால் லாஸ்கோ ஓவியர்களுக்கு ஷோவேயும் ஸ்வேபியாவும் எட்டாத பழங்காலம். நமக்கும் லாஸ்கோவுக்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ முக்கால்வாசியாவது அவர்களுக்கும் ஷோவேவுக்கும் இருந்தது.

இந்த வரிசைக்குப் பின்னால் பனியின் கையும் இருக்கிறது. வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கிய பனிப்படலம், தெற்கே ஆல்ப்ஸிலிருந்து இறங்கிய பனியாறுகள். இரண்டுக்கும் நடுவே பனி மூடாத புல்வெளியாகக் கிடந்தது ஸ்வேபிய மேட்டுநிலம். மாமூத் என்ற ரோம யானை, குதிரை, துருவ மான் எல்லாம் மேய்ந்த நிலம். குளிர் உச்சத்துக்குப் போனபோது மத்திய ஐரோப்பாவில் மனிதர்கள் மிகவும் அருகிப்போனார்கள். தென்மேற்கு பிரான்ஸும் வடக்கு ஸ்பெயினும் அந்தக் காலத்தின் புகலிடங்கள். லாஸ்கோவும் அல்தமிராவும் இருப்பது அங்கேதான். ஆகவே இவை நான்கு போட்டிக் கடைகள் என்பதைவிட ஒரே கதையின் வெவ்வேறு அத்தியாயங்கள் என்பதுதான் சரி. ஆனாலும் எந்த அத்தியாயத்தை நேரில் படிக்க முடியும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

லாஸ்கோ: குகையை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கைப் பாருங்கள்

1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பையன்கள் உள்ளே இறங்கிப் பார்த்த குகை. 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேரின் மூச்சும் வியர்வையும் விளக்கொளியும் சேர்ந்து, கரியமில வாயு கூடி, சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. வெள்ளைச் சுண்ணப் படிவும் வந்தது. 15 ஆண்டுகளில் அப்போதைய கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ பூட்டச் சொன்னார். பூட்டிய பிறகும் தொல்லை ஓயவில்லை. 2001-ல் பூஞ்சை பரவியது. பல ஆயிரம் ஆண்டு தாங்கிய ஓவியம் நம்மைப் பதினைந்து ஆண்டு தாங்கவில்லை.

இப்போது லாஸ்கோவின் ஊரான மோன்தின்யாக்கில் நீங்கள் பார்ப்பது நகல். 1983-ல் திறந்த இரண்டாம் லாஸ்கோ அசல் குகையிலிருந்து 200 மீட்டரில் இருக்கிறது. முக்கியமான பகுதிகள் மட்டும். 2016 டிசம்பரில் திறந்த நான்காம் லாஸ்கோதான் ஏறத்தாழ முழுக்குகை. கையால் தீட்டிய நகல்தான், மட்டமான வேலை இல்லை. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள காளைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நகல் என்பது கொஞ்ச நேரம் மறந்தேபோகும் என்கிறார்கள். எனக்கு உறுத்துவது ஓவியம் இல்லை, கூட்டம். குழுவாக உள்ளே விட்டு, குழுவாக வெளியே அனுப்பும் இடத்தில் அந்த இருட்டு கிடைக்காது.

ஆனால் லாஸ்கோவை மட்டும் வைத்து வெசேரை எடைபோட்டால் அந்தப் பள்ளத்தாக்குக்கு அநியாயம். பாரம்பரியப் பட்டியலில் இருப்பது 15 இடங்கள். அதில் ரூஃபினியாக் அசல் குகை. இன்றும் சின்ன மின்ரயிலில் உட்கார வைத்து உள்ளே கூட்டிப்போகிறார்கள். போகிற வழியில் குகைக்கரடிகள் சுவரைப் பிறாண்டிய தடங்கள், அவை குளிர்காலத் தூக்கத்துக்காகத் தோண்டிய குழிகள். கடைசியில் கூரை முழுக்க மாமூத்துகள். இந்தக் குகையில் வரையப்பட்ட மாமூத் நூற்றுக்கு மேல். ஃபோன்-த-கோம் இன்னொன்று: பல நிறத்தில் தீட்டிய காட்டெருமைகள், அசல், இன்னும் திறந்திருக்கிறது. நாளுக்கு மிகக் குறைந்த பேரைத்தான் விடுகிறார்கள் என்பதால் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். குரோ-மான்யோன் என்று பனியுக மனிதர்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போமே, 1868-ல் அவர்களின் எலும்புகள் கிடைத்த பாறை ஒதுக்கிடமும் இந்த 15-ல் ஒன்று. நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தின் கல்லாயுத மரபுக்குப் பெயர் தந்த லெ முஸ்தியேவும் இதே ஆற்றங்கரைதான். பெயர்களுக்கே பிறப்பிடம் பார்க்கலாம் என்றால் இதற்கு ஈடு இல்லை.

ஒரு விஷயம் என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. லாஸ்கோவில் கிடைத்த உணவு எலும்புகளில் பெரும்பாலானவை துருவ மானுடையவை. சுவரில் இருக்கும் நூற்றுக்கணக்கான மிருகங்களிலோ துருவ மான் ஒன்றே ஒன்று. தின்றது ஒன்று, வரைந்தது வேறொன்று. வேட்டை செழிக்க வரைந்தார்கள் என்ற பழைய விளக்கம் இந்த இடத்தில் தடுமாறுகிறது.

அல்தமிரா, ஷோவே

அல்தமிராவின் பெருமையில் பாதி அதன் அவமானக் கதை. 1879-ல் சவுத்துவோலா என்ற நிலக்கிழார் தரையைக் கிளறிக்கொண்டிருக்க, அவருடைய எட்டு வயது மகள் மரியாதான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். அடுத்த ஆண்டு அவர் அதை எழுதி வெளியிட்டார், நிபுணர்கள் நம்பவில்லை. கற்கால மனிதனுக்கு இவ்வளவு கை வருமா, யாரோ இப்போது வரைந்தது என்றார்கள். மறுத்தவர்களில் முக்கியமான எமீல் கார்த்தாயாக் 1902-ல் எழுத்திலேயே மன்னிப்புக் கேட்டார். சவுத்துவோலா 1888-லேயே இறந்துவிட்டிருந்தார்.

பாறையின் புடைப்பையே காட்டெருமையின் உடம்பாக ஆக்கிக்கொண்ட ஓவியங்கள் அவை. தட்டையான படத்தில் இந்த அழகு பிடிபடாது. 2001-ல் திறந்த நகல் குகை மேடு பள்ளத்தோடு செய்யப்பட்டிருப்பதால் ஓரளவு பிடிபடும். அசலைத் தேடுகிறவர்கள் அல்தமிரா இருக்கும் அதே கான்டாப்ரியா வட்டாரத்தில் எல் காஸ்தில்யோ குகைக்குப் போகலாம். ஓவியம் அல்தமிரா அளவுக்குக் கண்ணைப் பறிக்காது. ஆனால் அங்கே சுவரில் இருக்கும் ஒரு சிவப்பு வட்டுக்கு, மேலே படிந்த சுண்ணத்தை வைத்துக் கணக்கிட்டதில், குறைந்தது 40,800 ஆண்டு என்று 2012-ல் சொன்னார்கள்.

ஷோவேயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பார்க்கிறவருக்கு அங்கே தேர்வு ஒன்றுதான். 1994 டிசம்பர் 18 அன்று மூன்று குகை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லாஸ்கோவில் சூடுபட்டது நினைவிருந்ததால் ஆரம்பத்திலேயே பூட்டிவிட்டார்கள். ஏறத்தாழ 21,500 ஆண்டுகளுக்கு முன் பாறை சரிந்து வாசல் அடைத்ததால் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது: சிங்கக் கூட்டம், காண்டாமிருகங்கள், ஒரு பாறை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன கரடி மண்டையோடு. 2015-ல் திறந்த நகலில் குகையைச் சுருக்கி, தனித்தனி சுவர்களை அருகருகே கொண்டுவந்திருக்கிறார்கள். படங்கள் கிடைக்கும், நடந்த தூரம் கிடைக்காது. நான்கில் ஓவியத்துக்கு முதலிடம் ஷோவேவுக்குத்தான். பயணத்துக்கு அதையே கடைசியில் வைப்பேன்.

வெறும் சுவருக்கு என் ஓட்டு

ஸ்வேபிய யூராவில் ஆறு குகைகள், ஆஹ், லோனே என்ற இரண்டு சின்னப் பள்ளத்தாக்குகளில். ஓவியத்தைத் தேடி வருகிறவர் முதலில் ஏமாந்துபோவார். இங்கே கலை சுவரில் இல்லை, மண்ணுக்குள் இருந்தது. அதைத் தோண்டி எடுத்து அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். அவை நகல் இல்லை என்பதுதான் விஷயம்.

உதாரணத்துக்குச் சிங்க மனிதன். 31 சென்டிமீட்டர் உயரம், மாமூத் தந்தம், மனித உடலில் குகைச் சிங்கத்தின் தலை. ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடெல் குகையில் இதன் துண்டுகள் கிடைத்தது 1939 ஆகஸ்ட் 25. ஒரு வாரத்தில் உலகப்போர் தொடங்கியது. குழியை மூடிவிட்டுப் போனார்கள். துண்டுகள் பெட்டியில் கிடந்தன. 1969-ல்தான் தொல்லியலாளர் யோவாகிம் ஹான் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்து உருவத்தைக் கண்டார். அதன்பின் 2008 முதல் மறுபடி தோண்டி, பழைய மண்குவியலிலிருந்தே இன்னும் பல சில்லுகளை எடுத்துப் பொருத்தினார்கள். இது உல்ம் நகர அருங்காட்சியகத்தின் சொத்து. அந்தக் குகை வடக்கு நோக்கியது, வெயில் படாத குளிர் இடம், அன்றாடம் குடியிருந்த தடயமும் குறைவு. ஆக, யாரோ சிலர் கூடி எதற்காகவோ பயன்படுத்திய உருவம் என்று நினைக்க இடமிருக்கிறது. ஷோவேயில் சுவரில் பாயும் அதே சிங்கங்கள் இங்கே நிமிர்ந்து இரண்டு காலில் நிற்கின்றன.

ஹோலே ஃபெல்ஸ் குகை இன்னும் வளமானது. 2008-ல் தொல்லியலாளர் நிகோலஸ் கோனார்ட் குழுவினர் இங்கே ஆறு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுருவை எடுத்தார்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளையம். கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள் போல. அதற்கு ஒரு மீட்டருக்குள்ளேயே பாறு கழுகின் சிறகெலும்பில் செய்த புல்லாங்குழல், ஐந்து துளைகளோடு. இரண்டும் பக்கத்து ஊரான பிளாபொய்ரன் அருங்காட்சியகத்தோடு பிணைந்த கண்டுபிடிப்புகள். அங்கே கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, அவை மண்ணில் கிடந்த அதே குகைக்குள் போய் நிற்கலாம். லாஸ்கோவும் ஷோவேவும் எத்தனை கோடி யூரோ செலவழித்தாலும் தர முடியாதது இந்த ஒன்று.

சரி, குறைகளும் உண்டு. பொருள்கள் சிதறிக்கிடக்கின்றன: சிங்க மனிதன் உல்மில், பெண்ணுரு பிளாபொய்ரனில், ஃபோகெல்ஹெர்ட் குகையின் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத தந்தக் குதிரை டூபிங்கன் கோட்டையில். ஒரே நாளில் எல்லாம் முடியாது. சின்னக் குழந்தைகளை அழைத்துப்போனால் வெறும் குகை சீக்கிரம் சலித்துவிடும். அவர்களுக்கு ரூஃபினியாக்கின் ரயிலும் மாமூத்தும்தான் சரி. முதல்முறை போகிறவர், ஓவியம் பார்க்காமல் மனசு ஆறாது என்கிறவர், வெசேருக்கே போகட்டும். ஆனால் ஃபோன்-த-கோமில் இடம் கிடைத்த பிறகு மற்ற நாள்களைத் திட்டமிடட்டும்.

ஸ்வேபியாவுக்குப் புறப்படுகிறவர்கள் கோடையில் போங்கள். குளிர்காலத்தில் ஹோலே ஃபெல்ஸை வௌவால்களுக்கு விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.